நிமிர்த்தி வைத்த கல்

மொஹாபி கல் கொத்தக் கற்றுக்கொண்டது முப்பத்தெட்டு வயதில். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் எல்லை தாண்டிப் போய்த் தங்கச் சுரங்கத்தில் கிடந்தான். சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது ஒரு தகரப்பெட்டி, இரண்டு போர்வை, விடாத இருமல் ஆகியவற்றோடு லெசோத்தோவின் தாழ்நிலத்தில் இருக்கும் தன் ஊரில் வந்து இறங்கினான். ஊருக்கு மேற்கே மணற்கல் குவாரி இருந்தது. முதலில் அங்கே பாரம் தூக்கினான், அப்புறம் உளி பிடித்தான். மூன்றே வருஷத்தில், அவன் கொத்திய கல்லின் முகத்தில் உள்ளங்கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று பேச்சாகிவிட்டது. 'வெண்ணெய்க்கை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தேன் நிறத்தில் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தக் கல்லில் கடை முகப்பா, வங்கிப் படிக்கட்டா, வசதியானவர்களின் கல்லறையா, எதுவானாலும் அவனைத்தான் தேடி வந்தார்கள். ஐம்பது வயதில் தெருவில் நடக்கும்போது தான் கட்டிய சுவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடப்பான். அந்தப் பழக்கம் அவன் மனைவி மாசேலேவுக்குத் தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தக் கர்வத்தோடுதான் அவன் ஜனவரி மாதம் மலைக்குப் போனான்.

மொகொட்லோங் பக்கத்தில் ஹா செலோமோ என்று ஒரு ஊர். லாரியில் ஒரு நாள் முழுக்க ஏற வேண்டும். அங்கே இருக்கும் மருத்துவ நிலையத்தை ஒட்டிப் பிள்ளைத்தாய்ச்சிகள் தங்குவதற்கு ஒரு வீடு கட்டத் தீர்மானித்திருந்தார்கள். சுற்றியிருக்கும் மலைக் குடியிருப்புகளிலிருந்து குதிரையில் வந்தால் இரண்டு நாள் ஆகும். பனி விழுந்துவிட்டால் அதுவும் கிடையாது. அதனால் மாதம் நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து தங்கிக்கொள்ள ஒரு இடம் வேண்டும். ஊர்த்தலைவி மாம்போய் நல்ல கொத்தனாராக வேண்டும் என்று கேட்க, யாரோ மொஹாபியின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். கல் எந்தக் கல் என்று கேட்டபோது மொஹாபி யோசிக்கவே இல்லை. தன் குவாரிக் கல்லைத்தான் கொண்டு வருவேன் என்றான்.

முதல் லாரியில் கல் வந்து இறங்கியபோது அங்கே நின்றவர்களில் மாலினெயோவும் ஒருத்தி. சுண்ணாம்பும் சிமெண்டும் குழைக்க, தண்ணீர் சுமக்க என்று சேர்ந்திருந்த பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் தலைமை. அதற்கு முன் பதினோரு வருஷம் மலைச்சாலை வேலையில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தவள். தோள் இரண்டும் ஆம்பிளைத் தோள் மாதிரி இருக்கும். அவள் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து ஒரு கல்லின் மேல் ஊற்றினாள். தண்ணீர் வழியவில்லை. கல் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான், தண்ணீர் உள்ளே போய்விட்டது.

"ந்தாதே, இந்தக் கல்லுக்கு ரொம்பத் தாகம்," என்றாள்.

மரியாதைக்கு அப்பா என்று சொல்லும் வார்த்தைதான் அது, பெண்களை 'ம்மே', அம்மா, என்பது போல. ஆனால் அவள் குரலில் இருந்த கேலி அவனுக்குச் சுருக்கென்றது.

"குடிச்சா குடிச்சிட்டுப் போகட்டும் ம்மே. வெயில் அடிச்சாக் காஞ்சிடும்."

"இங்க வெயிலும் அடிக்கும், ராத்திரி வேற ஒண்ணும் வரும்."

"உங்க ஊர்க் கறுப்புக் கல்லுல கட்டச் சொல்றீங்களா? வர்ற வழியெல்லாம் பாத்தேன். வீடு எது, ஆட்டுப்பட்டி எதுன்னு தெரியல எனக்கு."

ஆண்கள் சிரித்தார்கள். மாலினெயோவும் சிரித்தாள், ஆனால் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

சுவர் இடுப்பளவு எழும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. ஆற்றைக் கடக்கும்போது மூன்றாவது லாரி சேற்றில் புதைந்து, கல்லையெல்லாம் தண்ணீரில் தள்ளிவிட்டுத்தான் வண்டியையே வெளியே இழுக்க முடிந்தது. மறுபடி கல் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். திறப்பு விழாவுக்கோ நாள் குறித்தாகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் மாவட்டத்துப் பெரியவர்கள் வருகிறார்கள். மாம்போய் இரண்டு மாடு அறுக்கச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மொஹாபி அந்தக் காரியத்தைச் செய்தான்.

மணற்கல் என்பது மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய போர்வைகள் மாதிரி. மலைக்குள் அந்த அடுக்குகள் படுத்த வாக்கில் கிடக்கும். சுவரிலும் அதே வாக்கில்தான் படுக்க வைக்க வேண்டும். குவாரியில் உளி பிடிக்கும் முன்பே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. படுக்க வைத்தால் வெளியே தெரிவது கல்லின் மெல்லிய விளிம்பு மட்டும். கல் நிறைய வேண்டும். அதே கல்லைத் தூக்கி நிமிர்த்தி வைத்தால் அகலமான முகம் வெளியே வரும். இரண்டு கல் வேலையை ஒரு கல் செய்யும், பார்க்கவும் கண்ணாடி போல இருக்கும். ஆனால் அடுக்குகள் எல்லாம் செங்குத்தாக நிற்கும், தண்ணீர் உள்ளே இறங்க வாயைத் திறந்துகொண்டு. தன் ஊரில் கடைத் தாழ்வாரங்களுக்குக் கீழே அவன் அப்படி வைத்திருக்கிறான். மழை படாத இடம், ஒன்றும் ஆனதில்லை. இங்கேயும் ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தெரியாமல் செய்த தப்பு என்று பிற்பாடு ஒரு நாளும் அவனால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தெரிந்துதான் செய்தான்.

மாலினெயோ ஒரு நாள் கலவைச் சட்டியை இறக்கிவிட்டுச் சுவரை உற்றுப் பார்த்தாள்.

"கீழ இருக்கிற வரிசையில கோடெல்லாம் படுத்திருக்கு. இதுல எல்லாம் நிக்குதே?"

"அது அழகுக்காக ம்மே."

"ஓ, அழகுக்கா," என்று அவள் விட்டுவிட்டாள். கொத்தனார் அவன், கலவைக்காரி அவள்.

விழா நன்றாக நடந்தது. சாயங்கால வெயிலில் வடக்குச் சுவர் முழுக்கத் தேன் பூசியது போல மின்னியது. பெரியவர்கள் மொஹாபியை முன்னே கூப்பிட்டு ஒரு புதுப் போர்வையைத் தோளில் போர்த்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அவன் ஊருக்குத் திரும்பிப் போர்வையை மாசேலேவிடம் காட்டினான். அவள் அதை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

ஜூனில் குளிர் இறங்கியது. அந்த உயரத்தில் ராத்திரியில் வாளித் தண்ணீர் அடி வரைக்கும் இறுகிவிடும். பகலில் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும். பூமியின் தென்பாதியில் இருக்கும் அந்த நாட்டில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும், அதனால் வடக்குச் சுவர்தான் சூரியனைப் பார்த்த சுவர். மத்தியானம் கூரையிலிருந்தும் ஜன்னல் விளிம்பிலிருந்தும் பனி உருகி, நிற்கும் அடுக்குகளுக்கு இடையே சொட்டுச் சொட்டாக இறங்கும். ராத்திரி அந்தத் தண்ணீர் உறையும். உறையும்போது அதற்குக் கூடுதல் இடம் வேண்டும். கல்லை நெட்டித் தள்ளித்தான் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். மறுநாள் உருகி இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கும். மறுபடி ராத்திரி. இப்படியே அறுபது எழுபது தடவை. ஜூலையில் சுவரடியில் தேன் நிறத் தூள் படிந்தது. அப்புறம் விரல் நகம் அளவுக்குச் செதில்கள். பெண்கள் பெருக்கித் தள்ளினார்கள். வெயில் காய அந்தச் சுவர்தான் சௌகரியம் என்பதால் எல்லாரும் அதில் சாய்ந்துதான் உட்காருவார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், ஜன்னலுக்குப் பக்கத்துக் கல் ஒன்று முகத்தைக் கழற்றிவிட்டது. நாலு விரல் கனம், ஜன்னல் கதவு மாதிரி ஒரு பலகை. அதன் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தவள் கொபோட்சோ என்ற இருபது வயதுப் பெண். எட்டாம் மாதம். பலகை அவள் வலது பாதத்தின் மேல் விழுந்தது. நாலு பெண்கள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. வண்டியில் போட்டு எட்டு மணி நேரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

மாம்போய் ஆள் அனுப்பி மொஹாபியை வரவழைத்தார். ஊர்க்கூட்டம் கூடியது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கூட்டம் தொடங்கும் முன்பே மொஹாபி தனியாகப் போய்ச் சுவரைப் பார்த்திருந்தான். ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. எட்டுப் பத்துக் கற்கள் புத்தகம் பிரிந்த மாதிரி அடுக்கடுக்காக விரிந்து நின்றன. கீழே விழுந்த பலகையின் பின்பக்கம் மழமழவென்று இருந்தது, அடுக்கோடு அடுக்கு கழன்ற இடம். அவன் அங்கே கிடந்த கடப்பாரையால் நெம்பி, அந்தப் பின்பக்கம் மண்ணில் மறையும்படி அதைப் புரட்டிப் போட்டான். யாரும் பார்க்கவில்லை.

"கட்டினவர் நீங்க. சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்றார் மாம்போய்.

கூட்டத்தில் கொபோட்சோவின் அப்பா இருந்தார். தடியின் மேல் இரண்டு கையையும் வைத்து, மோவாயை அதன் மேல் வைத்து, மொஹாபியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப்போகிறோம் என்று மொஹாபிக்கே தெரியவில்லை. வார்த்தை தானாக வந்தது.

"கல்லு நல்ல கல்லு தலைவி. ஊர் பூரா நான் கட்டியிருக்கேன். பிடிச்சு வைக்கிறது கலவைதான். ஆத்து மணல்ல மண்ணு கலந்திருந்தா பிடிக்காது. நான் மேல ஏறி வேலை செஞ்சுட்டு இருந்தேன். கீழ என்ன குழைச்சாங்கன்னு ஒவ்வொரு சட்டியையும் பாக்க முடியுமா?"

தலைகள் ஒவ்வொன்றாகப் பெண்கள் பக்கம் திரும்பின.

மாலினெயோ எழுந்தாள். "நானா? மணலை ரெண்டு தடவை அலசித்தான் போட்டேன். அவரைக் கேளுங்க. அவரே பாத்து நல்லாயிருக்குன்னு சொன்னாரு."

"நாப்பது நாள் வேலை ம்மே. எந்தச் சட்டியைச் சொல்றீங்க?" என்றான் மொஹாபி.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தை ஊரே பேசிக்கொண்டது. மணல் சுமக்கச் சோம்பல்பட்டுச் சாலையோர மண்ணை அள்ளிப் போட்டிருப்பாள் என்றார் ஒருவர். அவளுக்கு இவன்மேல் முதல் நாளிலிருந்தே காய்ச்சல் என்றார் இன்னொருவர். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கென்று பேசி வைத்திருந்தது. அது வேறொருத்திக்குப் போனது. சுவருக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து, வீட்டைப் பூட்டினார்கள். மொஹாபி மறுநாள் விடியலில் வந்த முதல் வண்டியில் ஏறினான். வண்டி திரும்பும் இடத்தில் மாலினெயோ தண்ணீர் வாளியோடு நின்றாள். அவன் தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு தூங்குவது போல இருந்தான்.

அதற்குப் பிறகு அவன் தன் சுவர்களைப் பார்த்து நடப்பதை விட்டுவிட்டான். கடைத்தெருவில் தலையைக் குனிந்தபடி போவான். வேலை என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது. யாராவது "வெண்ணெய்க்கை" என்று கூப்பிட்டால் காது சூடாகும். சோளக்களி தட்டில் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருப்பான். மாசேலே சுரங்கத்து இருமல்தான் திரும்பிவிட்டது என்று நினைத்து மூலிகை கொதிக்க வைத்துக் கொடுத்தாள். அவன் குடித்தான். வேறு என்ன செய்வது?

அடுத்த மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் யாரோ 'சமாதானம்' என்று அந்த நாட்டு வழக்கப்படி வணக்கம் சொல்லி நின்றார்கள். ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்த மொஹாபி சட்டென்று அதை இழுத்து மூடினான். மாலினெயோ. கொபோட்சோவின் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்தவள், வழி விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நான் இல்லைன்னு சொல்லு," என்றான் மனைவியிடம்.

"யாரு அது?"

"சொல்லு மாசேலே. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

ஐம்பத்திரண்டு வயது மனிதன் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டான். வெளியே அவன் மனைவி வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்காகப் பொய் சொல்வது கேட்டது.

"அவரு வேலைக்குப் போயிருக்காரு ம்மே. என்ன விஷயம்?"

"ஒண்ணும் பெரிசா இல்ல. ஒரே ஒரு கேள்விதான். வடக்குச் சுவர் விழுந்துச்சு. தெக்குச் சுவர்ல ஒரு பொட்டுக்கூட உதிரல. ரெண்டுக்கும் ஒரே கலவை, ஒரே கை, ஒரே வாரம். என் கலவை கெட்டதுன்னா தெக்குச் சுவர் மட்டும் எப்படி நிக்குது? ஒரு குளிர்காலம் பூரா இதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டுச் சொல்லுங்க."

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம் ம்மே. பொண்ணு தனியா உக்காந்திருக்கு. நடக்க முடியாது அதால."

மாசேலே உள்ளே வந்தபோது அவன் இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான் நின்றான். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தெக்குச் சுவர் ஏன் நிக்குது?"

அவன் சொன்னான். தெற்குச் சுவரில் குளிர்காலம் முழுக்க வெயிலே படாது. உறைந்தது உறைந்தபடியே கிடக்கும், உருகாது. உருகி உறைந்து உருகி உறைந்தால்தான் கல் பிளக்கும். வடக்குச் சுவர்தான் தினமும் அந்த அடியை வாங்கியது. கல்லைப் படுக்க வைத்திருந்தால் அப்போதும் தாங்கியிருக்கும். நிமிர்த்தி வைத்தது தான்தான். முதல் முறையாக வாயைத் திறந்து சொல்லும்போது அது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலே வாக்கியம்.

மாசேலே எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, விழாவில் போர்த்திய போர்வையை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"இதை என் பெட்டியில வைக்காதீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

செவ்வாய்க்கிழமை மொஹாபி மலைக்கு வண்டி ஏறினான். மாம்போயிடம் போய்க் கூட்டம் கூட்டச் சொன்னான். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "ஒரு தடவைதான் சொல்ல முடியும் தலைவி. எல்லாரும் இருக்கும்போது சொல்லிடறேன்," என்றான். புதன்கிழமை காலை, புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்க, எல்லாரும் வந்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாம்போயைப் பார்த்தபடி கல்லைப் பற்றியும் லாரியைப் பற்றியும் நிமிர்த்தி வைத்ததைப் பற்றியும் சொன்னான். மாலினெயோ மணலை இரண்டு தடவை அலசியதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்றான். விழுந்த பலகையைப் புரட்டிப் போட்டதைக்கூடச் சொன்னான்.

பின்வரிசையில் ஒரு கிழவர் துப்பிவிட்டு, "பொய் சொல்ல ஒரு நாள் பிரயாணம், உண்மை சொல்ல ஒரு நாள் பிரயாணம். நடுவுல ஒம்பது மாசம் எங்கய்யா தங்கியிருந்த?" என்றார். சிலர் சிரித்தார்கள். மொஹாபி கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

மாலினெயோ எழுந்தாள்.

"தலைவியைப் பாத்துச் சொன்னீங்க. அவங்க என்னைப் பேசல. இவங்கதான் பேசினாங்க," என்று ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் கையை வீசினாள். "இந்தப் பக்கம் திரும்பி மறுபடி சொல்லுங்க."

அவன் திரும்பினான். நூறு முகங்கள். அதில் கொபோட்சோவும் இருந்தாள், மடியில் கைக்குழந்தை, போர்வைக்கு வெளியே ஒரு கால் மட்டும். முதல் தடவை மனப்பாடம் மாதிரி வந்த வார்த்தைகள் இந்தத் தடவை வரவில்லை. "கலவை நல்ல கலவை" என்றான். "நான்தான்..." என்றான். அழக்கூடாது, அழுதால் இரக்கப்பட்டுவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மாலினெயோ உட்காரவில்லை. அவன் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

கொபோட்சோ வீட்டுக்கு ஒரு மாடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. வடக்குச் சுவரைப் பிரித்து, கூலி இல்லாமல், வெளிப்பக்கம் மலையின் கறுப்புக் கல்லால் திரும்பக் கட்ட வேண்டும். "கல்லை யாரு பொறுக்கறது?" என்று மாம்போய் கேட்டுவிட்டு, தானே பதிலும் சொன்னார். "மாலினெயோ பொறுக்கட்டும். அவ சரின்னு சொன்ன கல்லைத்தான் வைக்கணும்."

அடுத்த ஐந்து வாரம் மொஹாபி தன் ஆயுளில் படாத பாடு பட்டான். கறுப்புக் கல் அவன் உளிக்கு மசியவில்லை. தட்டினால் பொறி பறந்தது, முனை மழுங்கியது. வழுவழுப்பு, நேர்கோடு எதுவும் அதில் நடக்காது. கிடைத்த வடிவத்துக்கு இடம் தேடிப் பொருத்த வேண்டும். வெண்ணெய்க்கை என்ற பெயர் வாங்கியவன் ஒரு நாளைக்கு ஒரு முழம் கட்டத் திணறினான்.

சுமந்து வந்த கல்லில் பாதியை மாலினெயோ தூக்கி எறிந்தாள்.

"ஏன், இதுவும் கறுப்புத்தானே?" என்றான் ஒரு நாள்.

அவள் கல்லை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். கறுப்பில் வெள்ளை வெள்ளையாக அரிசி தூவிய மாதிரிப் புள்ளிகள். "ரோட்டுக்கு இதை உடைச்சுப் போட்டோம்னா ரெண்டு குளிர்காலத்துல தவிடாப் போயிடும். சக்கரமே வேண்டாம், பனியே போதும். புள்ளிக்குள்ள தண்ணி பூந்துக்கும்." இன்னொரு கல்லை எடுத்தாள், புள்ளியில்லாத, கனத்த, நீலம் ஓடிய கறுப்பு. தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு தங்காமல் வழிந்தது. "இதுல விரிசல் இருந்தா அந்த விரிசல்லயே ரெண்டாப் பொளக்கும், வெட்டின மாதிரி. விரிசல் இல்லன்னா பனி அதை ஒண்ணும் பண்ண முடியாது. தட்டிப் பாருங்க. மணி மாதிரிக் கேக்கணும்."

வேலை சம்பந்தமாக மட்டும்தான் அவள் பேசினாள். மத்தியானம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து களியும் கீரையும் சாப்பிடும்போது அவனுக்கும் ஒரு தட்டு வரும். ஆனால் அதைச் சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

"ந்தாதே, உங்க சுவரு ஆட்டுப்பட்டி மாதிரியே இருக்கே!" என்று ஒருத்தி கத்துவாள்.

"ஆடுகூட யோசிச்சுத்தான் உள்ள போகும்," என்பாள் இன்னொருத்தி.

அவன் தலையாட்டிக்கொண்டு சாப்பிடுவான். நன்றாக இருந்த பழைய மணற்கற்களை உள்சுவரில், தண்ணீர் எட்டாத பக்கத்தில், அடுக்கு படுத்தவாக்கில் வைத்தான். கூரையை ஒரு முழம் வெளியே நீட்டச் செய்தான். சுவரடியில் தண்ணீர் தேங்காமல் ஓட வாய்க்கால் வெட்டினான். ஜூனில் முதல் பனி விழும் முன்னால் வேலை முடிந்தது. இந்தத் தடவை விழா கிடையாது. போர்வையை அவன் கொபோட்சோவின் அப்பாவிடம் கொடுக்கப் போனான். அவர் வாங்கவில்லை. "மாடு வந்திடுச்சு. போதும்," என்றார். போர்வையை அவன் வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான்.

ஊரில் இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. தான் நிமிர்த்தி வைத்த கல் உள்ள கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், இந்தக் கல்லில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் தப்பாக வைத்திருக்கிறேன் என்று சொன்னான். ஒரு கடைக்காரர் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று மாசேலேவிடமே விசாரித்தார். அதற்குப் பிறகு இரண்டு பேர் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை.

ஆகஸ்டில் பனி விலகிப் பாதை திறந்ததும் சுவரைப் பார்க்க மறுபடி மலைக்குப் போனான். வீட்டில் ஏழு பெண்கள் தங்கியிருந்தார்கள். பார்த்துக்கொள்ளும் வேலையில் மாலினெயோ இருந்தாள், இடுப்பில் சாவிக் கொத்து. வடக்குச் சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அவன் கையால் தடவிக்கொண்டே போனான். முழங்கால் உயரத்தில் ஒரு இடத்தில் கை நின்றது. ஒரு கல் பொரிப்பொரியாக உதிர்ந்து, முஷ்டி போகும் அளவுக்குக் குழி. உள்ளே வெள்ளைப் புள்ளிகள்.

"புள்ளிக் கல்லு," என்றான். விரலால் குழியைத் துழாவினான். "எப்படி விட்டேன் இதை?"

"நீங்க வைக்கும்போதே பாத்தேன்," என்றாள் மாலினெயோ.

"பாத்தீங்களா? சொல்லலையே?"

அவள் சாவிக் கொத்தைத் திருகினாள். "சொல்லணும்னுதான் வாயைத் தொறந்தேன். அப்புறம், இன்னொரு தடவை உங்க சுவர் உதிரட்டும், ஊர் பாக்கட்டும்னு இருந்துச்சு. தாழத்தான் இருக்கு, யார் மேலயும் விழாதுன்னு கணக்குப் போட்டேன்." சாவியை விட்டுவிட்டுக் குழியின் விளிம்பைத் தொட்டாள். "நல்ல எண்ணம் இல்ல அது. குளிர்காலம் பூரா அந்தப் பக்கம் யாரையும் உக்கார விடல நான். தூக்கமும் வரல."

இரண்டு பேரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு எங்கே பார்ப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மொஹாபி பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தான். அதற்குள் கொபோட்சோ ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தாள். தங்கியிருந்த தன் அக்காவைப் பார்க்க வந்தவள். முதுகில் குழந்தை கட்டியிருந்தது. விஷயம் தெரியாமல் வெயிலுக்காக நேரே அந்தச் சுவருக்கு வந்து, குழிக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, அரைப் பாதத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மொஹாபி குனிந்த தலையோடு, "ம்மே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இந்தக் கல்லை எடுக்கப் போறேன்," என்றான்.

"நீங்க சுத்தியல் எடுத்தா நான் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் உக்காருவேன், ந்தாதே," என்றாள் அவள்.

உள்ளே இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாலினெயோகூடச் சிரித்தாள். மொஹாபிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பாதியில் அது நின்றும் போனது. கொபோட்சோ ஊன்றுகோலைப் பிடித்து எழ ஆரம்பித்தாள். மாலினெயோ போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் முற்றத்தின் மறுபக்கம் போய்ச் சேரும்வரை அவன் சுத்தியலைத் தூக்காமல் மண்டியிட்டுக் காத்திருந்தான்.